பள்ளிக்கு உதவக் கிளம்புகிறீர்களா? முதலில் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள்

கிராமத்துப் பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கிளம்புகிற பலர் முதலில் யோசிப்பது சுவருக்குப் பெயின்ட், நாலு கம்ப்யூட்டர், புது வகுப்பறை. அதெல்லாம் நல்லதுதான், ஆனால் அதற்கு முன்னால் தலைமை ஆசிரியரிடம் கேட்டு, போன வருஷத்து வருகைப் பதிவேட்டோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். பிள்ளைகள் வராத நாட்கள் எந்த மாதத்தில் கொத்தாக விழுந்திருக்கின்றன? விதைப்பிலா, அறுவடையிலா? ஒரு வீட்டு அக்கா, தம்பி இரண்டு பேருமே நின்றிருந்தால் குடும்பமே வேலை தேடி வெளியூர் போயிருக்கலாம். அக்கா மட்டும் நின்றிருந்தால் அநேகமாக வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கும், அம்மா கூலிக்குப் போயிருப்பார். இரண்டுக்கும் மருந்து வேறு.

அப்புறம் அந்த வீடுகளுக்குப் போங்கள். "ஏன் அனுப்பவில்லை?" என்று ஆரம்பித்தால் விசாரணை மாதிரி ஆகிவிடும். எந்த மாதம் கையில் காசு இருக்கும், எந்த மாதம் கடன் வாங்குவீர்கள் என்று கேளுங்கள். பள்ளி திறக்கும் நேரத்தில்தான் கை வறண்டிருக்கிறது என்று தெரிந்தால், சேமிப்புக் குழு ஒன்று தொடங்க உதவுங்கள்.

1991ல் நைஜர் நாட்டில் கேர் அமைப்பு தொடங்கிப் பிறகு பல நாடுகளுக்குப் பரவிய முறை இது: 15 முதல் 25 பேர், வாராவாரம் கூட்டம், ஒரு இரும்புப் பெட்டி, அதில் மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று பேரிடம், பெட்டி நாலாவது ஆள் வீட்டில். எல்லார் கண் முன்னாலும் பெட்டியைத் திறந்து, சத்தமாக எண்ணி, திரும்பப் பூட்டுவார்கள். அவசரத்துக்கு அதிலிருந்தே கடன், ஒரு வருஷம் முடிந்ததும் வட்டியோடு பங்கு பிரிப்பு. அந்தப் பிரிக்கும் நாளைப் பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்னால் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் பணத்தை மட்டும் அந்தப் பெட்டிக்குள் போடாதீர்கள். வெளிப்பணம் வந்தால் கடனைத் திருப்பிக் கட்டும் ஒழுங்கு தளர்ந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆடு, மாடு வாங்கித் தருவதாக இருந்தால் ஒரே ஒரு கேள்வி: யார் மேய்ப்பது? பதில் "பையன்" என்றால் நீங்களே அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்துகிறீர்கள். வங்கதேசத்தில் பிராக் அமைப்பு 2002ல் தொடங்கிய திட்டத்தில், மிக ஏழைக் குடும்பங்களுக்குக் கால்நடையோடு பயிற்சியும், அது வருமானம் தரும்வரை கைச்செலவுக்குச் சிறு தொகையும், வீடு தேடி வந்து ஆலோசனையும் சேர்த்தே கொடுத்தார்கள். அந்தச் சிறு தொகையை விட்டுவிட்டால், அவசரம் வந்ததும் ஆட்டை விற்றுவிட நேரும்.

சரி, பிள்ளை பள்ளிக்கு வந்துவிட்டது. வாசிக்கிறதா? ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு ஒரே தாளைக் கொடுங்கள்: எழுத்து, சொல், சிறு பத்தி, சிறு கதை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை விரலை எழுத்தின் மேல் வைத்து அப்படியே நின்றுவிட்டால் திட்டாதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் பிரதம் அமைப்பு செய்வது போல, தினமும் ஒரு மணி நேரம் வகுப்பைப் பார்க்காமல் வாசிப்பு நிலையைப் பார்த்துக் குழு பிரித்துச் சொல்லிக்கொடுங்கள். மூன்று மாதம் கழித்து அதே மாதிரி வேறொரு தாளோடு சேமிப்புக் குழுக் கூட்டத்துக்குப் போய், பெற்றோர் முன்னாலேயே பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள்.