ஒடிந்த எக்ஸாஸ்ட் ஸ்டட்: கை வைக்கும் முன் தவிர்க்க வேண்டியவை

புளியரை 'எஸ்' வளைவில் லோடு லாரி சின்ன கியரில் முக்கி ஏறும்போது இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் மேனிபோல்டு நெருப்பாய்க் கொதிக்கும். கோட்டைவாசல் தாண்டினால் சாரல். இந்தச் சூடும் ஈரமும் மாறி மாறிப் பட்டு, மேனிபோல்டை இன்ஜின் ஹெட்டோடு பிடித்திருக்கும் ஸ்டட்டும் (தலையில்லாத போல்ட்) நட்டும் துருவால் ஒன்றாகிவிடும். பல ஸ்டட்டுகள் செங்கோட்டை, தென்காசிப் பட்டறைகளில் ஸ்பானர் போடும்போதுதான் ஒடிகின்றன.

இறுகிய நட்டில் பைப்பை மாட்டித் தொங்காதீர்கள். நட் கால் சுற்று வந்து ரப்பர் மாதிரி இழுத்தால் அது கழலவில்லை, ஸ்டட் முறுகுகிறது. அங்கேயே நிறுத்துங்கள். துருநீக்கி ஆயிலை முந்தின நாள் மாலையே அடித்துவைக்க வேண்டும். அடித்த கையோடு திருகினால் ஆயில் மரைக்குள் இறங்கியே இருக்காது. மறுநாள் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு பொட்டு அசைத்து, பிறகு கழற்றும் பக்கம் திருகுங்கள்.

ஒடிந்துவிட்டால் உடனே ஈஸி அவுட்டை (ஒடிந்த துண்டைத் துளைத்துச் செருகித் திருகி எடுக்கும் கூம்பு முனைக் கருவி) தேடுவதுதான் பெரிய வினை. முழு ஸ்டட்டுக்கே அசையாத மரை, அதன் நடுவில் துளைபோட்டுச் செருகிய ஒல்லி முனைக்கு எப்படி அசையும்? கூம்பு முனை உள்ளே இறங்க இறங்க ஸ்டட்டை விரித்து இன்னும் இறுக்கும். கடின எஃகு என்பதால் வளையாமல் படக்கென்று உள்ளேயே ஒடியும். அதன்மேல் சாதாரண டிரில் பிட் வழுக்கும். பிறகு ஹெட்டைக் கழற்றி, ஸ்பார்க் எரோஷன் (மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும்) வசதி இருக்கும் ஊருக்குத் தூக்கிப்போக வேண்டியதுதான்.

துண்டு ஒரு நூல் (சுமார் 3 மி.மீ.) வெளியே நின்றாலே போதும். அதன்மேல் வாஷர், வாஷர்மேல் நட், நட்டின் நடுவில் மிக் வெல்டு (கம்பி தானாக ஓடிவரும் மின் வெல்டு). வெல்டின் சூடே துருவின் பிடியை உடைக்கும். சிவப்பு அடங்கியபின் முன்னும் பின்னும் அசைத்து எடுங்கள். சூட்டோடு திருகினால் வெல்டு பிய்ந்துவிடும். நட் மட்டும் கையோடு வந்தால் இன்னொன்றை வையுங்கள், ஒவ்வொரு சூட்டுக்கும் பிடி தளரும். பேட்டரி ஒயரைக் கழற்றாமல் வெல்டு வைக்காதீர்கள். பைக் என்றால் டேங்கும் இறங்க வேண்டும்.

ஹெட்டின் முகத்தோடு சமமாக ஒடிந்திருந்தால் துளைப்பதுதான் வழி. சரி மையத்தில் பஞ்ச் அடிக்காவிட்டால் பிட் மென்மையான அலுமினியத்துக்குள் ஓடிவிடும். 3 மி.மீ.யில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள். 6 மி.மீ ஸ்டட்டுக்கு 5, 8 மி.மீ.க்கு (பிட்ச், அதாவது மரை இடைவெளி 1.25 மி.மீ.) 6.8 என்பதே எல்லை. அதைத் தாண்டினால் ஹெட்டின் மரை போய்விடும், ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே செருகும் கம்பிச் சுருள்) போட வேண்டும். இடக்கை பிட் (கழற்றும் பக்கம் சுழன்று துளைப்பது) கிடைத்தால் துளைக்கும்போதே துண்டு சுழன்று வருவதும் உண்டு.

துண்டு இளகக் கேஸ் சுடர் காட்டும்போது ஸ்டட்டை அல்ல, சுற்றியுள்ள அலுமினிய ஹெட்டைச் சூடாக்குங்கள். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். ஆனால் சிவக்காமலே உருகும் என்பதால் சுடரை ஓரிடத்தில் நிறுத்தக் கூடாது.

நீள மேனிபோல்டில் பெரும்பாலும் கடைசி ஸ்டட்டுகளே முதலில் போகும். சூட்டில் மேனிபோல்டு நீளவாக்கில் விரிந்து அவற்றைத்தான் வளைக்கிறது. எனவே ஒடிந்ததை மட்டும் மாற்றுவது அரை வேலை. மேனிபோல்டு முகம் கோணியிருக்கிறதா என்று ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (நேர் விளிம்புப் பட்டை) வைத்துப் பார்த்து, இறுக்கும்போது நடுவிலிருந்து இரு ஓரமும் போங்கள். மரையில் சாதா கிரீஸ் வேண்டாம், கருகிவிடும்; காப்பர் ஆன்ட்டி சீஸ் (சூட்டில் மரை ஒட்டாமல் காக்கும் செம்புப் பசை) தடவுங்கள். மரை வழுக்கும் என்பதால் டார்க்கை (இறுக்கும் விசையை) கொஞ்சம் குறைக்க வேண்டும்.

பைக்கில் பின் பிராக்கெட் போல்டைத் தளரவிட்டால் சைலன்சர் எடை முழுதும் முன்னால் இருக்கும் ஸ்டட்டுகளில் தொங்கும். முன் நட்டுகளைக் கையால் ஏற்றி, பின் போல்டை மாட்டி, அதன் பிறகே முன்பக்கத்தை முழுதாக இறுக்குங்கள். எந்த வண்டியானாலும் ஒருமுறை ஓட்டிச் சூடாக்கி, நன்றாக ஆறியபின் நட்டுகளை மறுபடி பாருங்கள்.