2² × 2² என்னும் மோசமான எடுத்துக்காட்டு

ஒரே அடிமானம் உள்ள அடுக்கு எண்களைப் பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்ட வேண்டும் (2³ என்பதில் 2 அடிமானம், 3 அடுக்கு). இந்த விதியை விளக்கப் பலரும் முதலில் எழுதுவது 2² × 2² = 2⁴. இதைவிட மோசமான எடுத்துக்காட்டு கிடையாது என்பேன். 2-ஐயும் 2-ஐயும் கூட்டினாலும் 4, பெருக்கினாலும் 4. அடுக்குகளைப் பெருக்க வேண்டும் என்று தவறாகப் புரிந்துகொண்ட மாணவனுக்கும் விடை சரியாகவே வந்துவிடுகிறது. தவறு பிடிபடாமலே அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறான்.

அவனுக்கு 2³ × 2⁴ கொடுத்துப் பாருங்கள். 2¹², அதாவது 4096 என்பான். உண்மையில் 8 × 16 = 128; அது 2⁷. முதலில் மூன்று 2, பிறகு நான்கு 2, ஆக ஏழு 2-கள் பெருக்கலில் நிற்கின்றன. அடுக்கு என்பது இந்த எண்ணிக்கைதான். எண்ணிக்கைகள் சேரும்போது கூட்டாமல் வேறென்ன செய்வது? அடுக்குகளைப் பெருக்கும் இடம் வேறு: (2³)⁴ என்று வந்தால் மும்மூன்றாக நான்கு கட்டு, அங்கே 2¹² சரி.

சந்தேகம் வந்தால் பத்தின் அடுக்குகளில் சோதிக்கலாம். ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால் பத்து லட்சம், 10⁶. அடுக்குகளைப் பெருக்கியவனுக்கோ 10⁹, நூறு கோடி!

சிலர் அடிமானத்தையும் பெருக்கி, 2³ × 2⁴ = 4⁷ என்று எழுதுவார்கள். அது 16384. அடிமானத்தைத் தொடவே கூடாது. ஆனால் அறிவியல் குறியீட்டில் முன்னால் நிற்கும் எண்களைப் பெருக்கத்தான் வேண்டும்: (4 × 10³) × (2 × 10⁵) = 8 × 10⁸. கூட்டுகிற வேகத்தில் 4-ஐயும் 2-ஐயும் கூட்டி 6 × 10⁸ என்று முடித்துவிடுவதுண்டு.

5 × 5³ என்பதில் முதல் 5-க்கு அடுக்கு எழுதவில்லை என்பதால் அது பூச்சியம் ஆகிவிடாது, அடுக்கு 1. விடை 5⁴, அதாவது 625.

கூட்டல் குறி இருந்தால் இந்த விதிக்கு வேலையே இல்லை. 3² + 3³ = 36; 3⁵ என்பதோ 243. அடிமானங்கள் வேறாக இருந்தாலும் அப்படியே: 2³ × 3² = 72, அதை 6⁵ ஆக்க முடியாது. ஆனால் 4 × 2³ போன்றவற்றை அவசரப்பட்டு ஒதுக்கிவிடாதீர்கள். 4 என்பது 2² என்பதால் விடை 2⁵.

மிகவும் ஏமாற்றுவது கழித்தல் குறி. −3² × (−3)³ என்பதில் முதல் உறுப்பின் அடிமானம் 3 மட்டுமே. அதன் மதிப்பு −9. அதை −27-ஆல் பெருக்கினால் 243. அடைப்புக்குறியைப் பார்க்காமல் (−3)⁵ என்று சேர்த்தால் −243 வரும்.