சிக்குன்குனியாவுக்குப் பின் மூட்டுகளைத் தேற்றுதல்

சிக்குன்குனியாக் காய்ச்சல் ஒரு வாரமளவில் தணிந்துவிட்டாலும், மணிக்கட்டு, விரல்கள், கணுக்கால் ஆகியவற்றின் வலியும் காலைநேர விறைப்பும் சிலருக்கு மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. அதனைச் சோம்பல் என்று வீட்டார் எண்ணிவிடக் கூடாது.

விழித்தவுடன் எழுந்துவிடாமல், படுக்கையிலேயே விரல்களை மெல்ல மடக்கி நீட்டி, கணுக்கால்களைச் சுழற்றி, பின்னர் வெதுவெதுப்பான நீரில் கைகளைச் சிறிது நேரம் அமிழ்த்தி வைத்தால் விறைப்புத் தளரும். நடைப்பயிற்சியைக் காலிமுகத்திடல் போன்ற சமதரையில், வெயில் ஏறுமுன், 10 நிமிடங்களுடன் தொடங்குங்கள். மறுநாள் வலி கூடியிருந்தால் அளவைக் குறையுங்கள். கூடாதிருந்தால் மட்டும் ஓரிரு நிமிடங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உடல் சற்று இலேசாக இருக்கும் நாளில் தேங்கிய வேலை முழுவதையும் முடித்துவிட முனைவதே பலரை மீண்டும் படுக்கையில் தள்ளுகிறது என்பதால், தேங்காய் திருவுதல், துணி பிழிதல் போன்றவற்றைச் சில காலம் பிறரிடம் ஒப்படைக்கத் தயங்க வேண்டாம்.

காய்ச்சலின்போது, டெங்கு இல்லையென்று உறுதியாகும்வரை, இபுபுரூபன், அஸ்பிரின் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பின்னரும், வைத்தியரின் ஆலோசனையின்றி ஸ்டீரொயிட் மாத்திரைகளைப் பாமசியில் வாங்கி உட்கொள்வது ஆபத்தானது. மூன்று மாதங்கள் கடந்தும் வீக்கம் வற்றாவிட்டால், குடும்ப வைத்தியரின் கடிதத்துடன் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் வாதநோய்ச் சிகிச்சைப் பிரிவுக்குச் சென்று, வேறு மூட்டுவாதம் உண்டா என்பதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.