பழைய ஜென்னுக்கு சிந்தெடிக் ஆயில்: ஊற்றுவதற்கு முன்னும் பின்னும்

"சார், இந்த வண்டிக்கெல்லாம் சிந்தெடிக் ஊத்தாதீங்க. எல்லா சீலும் ஒழுக ஆரம்பிச்சிடும்." பழைய கார் வைத்திருப்பவர்கள் இதை ஏதாவது ஒரு மெக்கானிக் வாயால் கேட்டிருப்பார்கள். எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனும் என்னிடம் சொன்னார். அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாததால் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். இன்னும் சிலர் எதையும் பார்க்காமல் ஊற்றிவிட்டு, அப்புறம் ஆயிலைத் திட்டுகிறார்கள்.

என்னிடம் இருப்பது 2001 மாடல் மாருதி ஜென், பெட்ரோல், 993 சிசி. தாம்பரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன்; வண்டி வேலை ஞாயிற்றுக்கிழமைகளில். கீழே சொல்வது ஜென்னை வைத்துத்தான். ஆனால் மாருதி 800, எஸ்டீம், பழைய சான்ட்ரோ, ஹோண்டா சிட்டி எதற்கும் முறை இதுதான்.

முதலில் அந்தச் சீல் விவகாரம். எஞ்சின் ஆயில் வெளியே கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்தான் சீல். மினரல் ஆயில், அதாவது கச்சா எண்ணெயிலிருந்து வழக்கமான முறையில் எடுக்கும் ஆயில், ரப்பர் சீலைக் கொஞ்சம் உப்ப வைக்கும். பாலி ஆல்ஃபா ஓலிஃபின் என்ற அசல் சிந்தெடிக் அடிப்படை எண்ணெயைத் தனியாக விட்டால் ரப்பரைக் கொஞ்சம் சுருங்க வைக்கும். சிந்தெடிக் ஆயில் கார்களுக்கு வரத் தொடங்கிய 1970களில் ஒழுகல் புகார்கள் கிளம்பியதற்கு இது ஒரு காரணம். பிறகு எஸ்டர் போன்றவற்றை அளவாகச் சேர்த்து இதைச் சரிக்கட்டிவிட்டார்கள். போதாக்குறைக்கு, இன்று 'ஃபுல் சிந்தெடிக்' என்று டப்பாவில் போட்டு வருவதில் பெரும்பகுதி குரூப் 3 எண்ணெய். கச்சா எண்ணெயையே ஹைட்ரஜனோடு கடுமையாகச் சுத்திகரித்து எடுப்பது அது. அதற்கும் உங்கள் ரப்பர் சீலுக்கும் பெரிய பகை எதுவும் கிடையாது.

அப்படியானால் ஒழுகல் எங்கிருந்து வருகிறது? பல வருடம் நேரத்துக்கு ஆயில் மாற்றாத எஞ்சினில் கறுப்புக் கசடு படிந்திருக்கும். காய்ந்து வெடித்த சீலின் ஓரத்தை அந்தக் கசடுதான் அடைத்து வைத்திருக்கும். புது ஆயில் கசடைக் கரைத்துக்கொண்டு போனதும் அடைப்பு திறந்துகொள்ளும். சீல் போனது என்றைக்கோ. தெரிய வந்தது மட்டும் இப்போது. மெக்கானிக் அண்ணன் கண்ணால் பார்த்தது பொய்யில்லை, பழியைத்தான் தவறான ஆள் மேல் போட்டுவிட்டார்.

ஆகவே ஆயில் வாங்கக் கிளம்பும் முன் வண்டியைப் பாருங்கள். இதற்கு ஒரு மாதம் எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ராத்திரி வண்டியை நிறுத்தும்போது எஞ்சினுக்குக் கீழே பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்து வையுங்கள். முன்சக்கரம் நின்ற இடத்தை அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் சொட்டு விழுந்திருக்கும் இடம் ஒரு வரைபடம் கொடுத்துவிடும். டைமிங் பெல்ட் பக்கம் என்றால் கிராங்க் ஷாஃப்ட்டின் முன் சீல் அல்லது கேம் ஷாஃப்ட்டின் சீல். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடம் என்றால் பின்பக்க கிராங்க் சீலாக இருக்கலாம். அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும், செலவு உண்டு. ஆனால் அங்கே சொட்டுகிறது என்பதற்காக உடனே கியர்பாக்ஸை இறக்கிவிடாதீர்கள். எஞ்சினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் பேக்கிங்கில் கசிந்த ஆயில் எஞ்சின் உடம்போடு வழிந்து அதே இடத்தில்தான் வந்து சொட்டும். கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டர் ஓ-ரிங்கும் இதே நாடகம் ஆடும். பனியன் வேஸ்ட்டில் கொஞ்சம் பெட்ரோல் தொட்டு, எஞ்சின் ஆறியிருக்கும்போது வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாகத் துடைத்துவிட்டு, இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். முதலில் ஈரமாகும் இடம் எதுவோ அதுதான் ஊற்று. டேப்பெட் கவர் பேக்கிங்குக்குப் பெரிய செலவில்லை. அதை எப்படியும் மாற்றிவிடுங்கள்.

அந்தக் கவரைக் கழற்றியதும் உள்ளே டார்ச் அடித்துப் பார்க்க மறக்காதீர்கள். கேம் ஷாஃப்ட்டைச் சுற்றிய உலோகம் தேன் நிறத்திலோ பழுப்பாகவோ இருந்தால் கவலை வேண்டாம். விரலால் வழித்தெடுக்கும்படி கறுப்பாக, கருகிய அல்வாபோல் திரண்டிருந்தால் அது கசடு. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெள்ளையாகப் பால்போல இருந்தால் ஈரப்பதம். ஐந்து நிமிடம் ஓட்டி ஐந்து நிமிடம் நிறுத்தும் வண்டிகளில் வரும். கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும். அப்போது ஆயில் பேச்சே வேண்டாம்.

யாரும் கண்டுகொள்ளாத ஒன்று பிசிவி வால்வு. டேப்பெட் கவருக்கும், எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் நடுவே ஓடும் ரப்பர் குழாயின் வழியில் இருக்கும் சின்ன சாமான் அது. பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவை மறுபடி இன்டேக்குக்கு அனுப்புவது அதன் வேலை. அது அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, போக வழியில்லாமல் ஆயிலை சீல் வழியாக வெளியே தள்ளும். கழற்றி காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே கடகடவென்று சத்தம் வந்தால் உயிரோடு இருக்கிறது. சத்தமே இல்லையென்றால் கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் புதிது போடுங்கள். அந்த ரப்பர் குழாயையும் அழுத்திப் பாருங்கள், இருபது வருடத்து ரப்பர் மட்டைபோல் இறுகியிருக்கும். சீல் ஒழுகுகிறது என்று எஞ்சினைப் பிரிக்கக் கொடுப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யாதவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அடுத்து, வண்டி ஆயில் குடிக்கிறதா என்று தெரிய வேண்டும். சமதளத்தில் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு காட்டும் கம்பி) பார்த்துக் குறித்துக்கொண்டு 1000 கிலோமீட்டர் ஓட்டி மறுபடி பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு வீச்சு நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் தேய்ந்தது பிஸ்டன் ரிங். இரண்டாவது வகை வண்டிக்கு சிந்தெடிக் வேண்டாம். விலை கூடின ஆயிலைப் புகையாக விடுவதில் என்ன லாபம்? எஞ்சின் வேலை பார்க்கும்வரை நல்ல மினரல் ஆயிலையே நேரத்துக்கு மாற்றிக்கொண்டு இருங்கள்.

இத்தனையும் தாண்டி வண்டி தேறிவிட்டதா? சரி, எந்த ஆயில் என்று பார்ப்போம்.

பெரும்பாலானவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். சிந்தெடிக் என்றதும் புதுக் கார்களுக்கு ஊற்றும் 0டபிள்யூ-20ஐயோ 5டபிள்யூ-30ஐயோ வாங்கி வந்துவிடுகிறார்கள். டபிள்யூவுக்குப் பின்னால் வரும் எண்தான் எஞ்சின் சூடாக இருக்கும்போது ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்கிறது. அளப்பது 100 டிகிரி செல்சியஸில். 40 என்றால் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையின் அலகு) வரை, 30 என்றால் 9.3 முதல் 12.5 வரை. டபிள்யூவுக்கு முன்னால் வரும் எண் குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு. உங்கள் எஞ்சின் இத்தனை வருடம் 20டபிள்யூ-40இல் ஓடியிருந்தால், பின் எண்ணை 40 ஆகவே வைத்துக்கொள்ளுங்கள். முன் எண் மட்டும் இறங்கட்டும். 5டபிள்யூ-40 அல்லது 10டபிள்யூ-40. சூட்டில் தடிமன் ஏறக்குறைய பழையபடியே இருக்கும். காலை ஸ்டார்ட்டில் மட்டும் கேம் ஷாஃப்ட் வரை சீக்கிரம் ஏறும். தேய்ந்த பேரிங் இடைவெளிகளுக்கு 30 மெலிசாகிவிடும்; சூடான பிறகு ஐடிலிங்கில் ஆயில் விளக்கு மினுக்கினால் அதுதான் அறிகுறி.

டப்பாவின் பின்பக்கம் ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலியக் கழகம்) தரக்குறியீடு எஸ்என் அல்லது எஸ்பி என்று இருக்கிறதா பாருங்கள். எஸ்என் 2010இல் வந்தது, எஸ்பி 2020இல். பெட்ரோல் எஞ்சினுக்கான புது வகை, பழைய எஸ்ஜி, எஸ்ஜே கேட்ட எஞ்சின்களுக்கும் பொருந்தும். கூடவே ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கத்தின் தரமான ஏசிஇஏ ஏ3/பி4 என்றும் போட்டிருந்தால் அதையே எடுங்கள். அதிக வெப்பத்திலும் அழுத்தத்திலும் படலம் மெலியாமல் நிற்க வேண்டும் என்று கேட்கும் தரம் அது, பழைய எஞ்சினுக்கு இதமானது. பிஎம்சி எஞ்சின் போட்ட பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுடையது கேம் நேரடியாக உரசும் தட்டை டேப்பெட்; துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானம் கூடுதலாக இருக்கும் ஆயில் வேண்டும், கெட்டியாகவும் வேண்டும். 20டபிள்யூ-50 மினரலே உங்களுக்குப் போதும்.

முதலில் செமி சிந்தெடிக், அப்புறம் ஃபுல் சிந்தெடிக் என்று படிப்படியாகப் போகச் சொல்வார்கள். அவசியமில்லை. மினரலும் சிந்தெடிக்கும் ஒன்றோடொன்று கலக்கும். அடியில் தங்கிவிடும் பழைய ஆயிலால் கெடுதல் எதுவும் வராது. ஃபில்டரும் ஆயிலும் ஜி.பி. ரோடில் வாங்குகிறேன். எங்கே வாங்கினாலும் மூடிக்குள் இருக்கும் ஃபாயில் சீலும் பேட்ச் எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். போலி ஆயில் ஊற்றுவதற்கு மினரல் எவ்வளவோ மேல்.

ஃப்ளஷ் வேண்டுமா என்று கேட்பார்கள். மண்ணெண்ணெய், டீசல் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டு வடிப்பது இங்கே வழக்கம். செய்ய விடாதீர்கள். கசடு கட்டியாகப் பெயர்ந்து போய் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். புது ஆயிலே மெதுவாகச் சுத்தம் செய்யட்டும்.

மாற்றும் வேலை எளிது. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு வடியுங்கள். வண்டியை ஜாக் ஸ்டாண்டில் தாங்க வைக்காமல் வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே படுக்கக் கூடாது. டிரெயின் போல்ட்டுக்கு ரிங் ஸ்பேனர்தான் (என் ஜென்னில் 17 மி.மீ.). ஓப்பன் ஸ்பேனர் போட்டால் தலை மொக்கையாகிவிடும். போல்ட்டை உள்பக்கமாக அழுத்திக்கொண்டே கையால் சுற்றி, கடைசி மரை விட்டதும் வெடுக்கென்று இழுங்கள். முழங்கை வரை ஆயில் வழியாது. வாஷரைப் புதிதாகப் போட்டு, போல்ட்டைக் கையாலேயே முழுக்க ஏற்றிவிட்டு அப்புறம் ஸ்பேனரால் அளவாக இறுக்குங்கள். மரை போனால் ஆயில் தங்கும் அடித்தொட்டியான சம்ப்புக்கே செலவு.

ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் கூடவே வந்துவிட்டதா என்று பார்ப்பது முக்கியம். சில சமயம் அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேலேயே புது ஃபில்டரைப் போட்டால், ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீய்ச்சியடிக்கும். புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையால் சுற்றி, வளையம் பட்டதும் இன்னும் முக்கால் சுற்று. ஸ்பேனர் தேவையில்லை.

மூன்றரை லிட்டர் கேனில் முதலில் மூன்று லிட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்து, ஆயில் விளக்கு சில நொடியில் அணைகிறதா பார்த்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். கொஞ்ச நேரம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மீதியைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். மேல்கோட்டைத் தாண்டக் கூடாது.

முதல் நிரப்பு நீண்ட நாளுக்கு இல்லை. வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கும் அட்டையும் பார்த்துக்கொண்டு 2000 கிலோமீட்டரில் ஃபில்டரோடு மாற்றிவிடுங்கள். ஆயில் சீக்கிரமே கறுத்துப்போகும். அது கெட்டுப்போனதன் அடையாளமில்லை, கசடைச் சுமக்கிறது. இரண்டாவது நிரப்பு 5000. அதுவும் பெரிய கறுப்பு இல்லாமல் வடிந்தால் அப்புறம் 7500 அல்லது வருடம் ஒன்று, எது முதலில் வருகிறதோ அது. டப்பாவில் 15,000 என்று போட்டிருந்தாலும் பழைய எஞ்சினுக்கு நான் அவ்வளவு தூரம் போவதில்லை.

மைலேஜ் எகிறும் என்றோ டேப்பெட் சத்தம் போய்விடும் என்றோ எதிர்பார்க்காதீர்கள். டேப்பெட் இடைவெளியை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். மே மாத மதியத்தில் ஏசியைப் போட்டுக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் குரோம்பேட்டையைக் கடக்கும்போது ஆயில் வெந்து கெட்டியாகாமல் இருக்கும், ஆவியாவதும் குறையும். விலை மினரலைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போகும். 5000த்துக்கு ஒருமுறை தவறாமல் மாற்றுகிற ஆளாக இருந்தால் மினரலிலேயே காலம் தள்ளலாம், தப்பில்லை.

வடித்த ஆயிலை சென்ட்ரிங் பலகைக்குத் தடவவும் கரையானுக்கு ஊற்றவும் கேட்டு வாங்கிப் போக ஆள் வருவார்கள். கொடுக்காதீர்கள், கடைசியில் மண்ணுக்கும் கிணற்றுக்கும்தான் போகும். அதே கேனில் ஊற்றி மூடி, பழைய ஆயில் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள். வெளியூர்ப் பயணத்தில் ஆயில் குறைந்து, பங்க்கில் மினரல் 20டபிள்யூ-40 மட்டும்தான் இருந்தால் தயங்காமல் அதையே ஊற்றி லெவல் செய்யுங்கள். பைக் ஆயிலும் டீசல் ஆயிலும் இருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். ஊர் திரும்பியபின் அடுத்த மாற்றத்தைக் கொஞ்சம் முன்னால் வைத்துக்கொண்டால் போதும்.