மாடல்களுக்கு வீட்டிலேயே ஷோகேஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கேல் மாடல்களுக்கு ஷோகேஸ் செய்ய உட்காரும்போது பலர் தூசியை மட்டுமே மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். தூசியைத் துடைத்துவிடலாம். வெயிலில் மஞ்சளான டெக்கால் (மாடலில் ஒட்டும் சின்னப் படலம்), பலகை விடும் அமில ஆவியில் அரித்துப்போன உலோகப் பாகம், வளைந்த தட்டிலிருந்து சரிந்து உடைந்த இறக்கை ஆகியவற்றை அப்படிச் சரிசெய்ய முடியாது. இவற்றில் பெரும்பாலானவை பலகையை வெட்டுவதற்கு முன் எடுக்கும் முடிவுகளால் வருகின்றன. விளக்கைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஆழத்தையும் மரத்தையும் மாற்ற வேண்டுமானால் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

மாடலை அளக்காமல் பெட்டியை அளப்பது

கையில் மீந்திருக்கும் பலகைக்கு ஏற்ப அளவு வைப்பது மிகவும் பரவலான தவறு. 1/72 அளவில் (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் இறக்கை அகலம் சுமார் 16 செ.மீ.; அதே விமானம் 1/48-இல் 23 செ.மீ.-ஐத் தாண்டும். பி-17 குண்டுவீச்சு விமானம் 1/72-இல் 44 செ.மீ., 1/48-இல் 66 செ.மீ. எந்த ஸ்கேலில் சேகரிக்கப் போகிறோம் என்று முடிவாகாமல் ஷோகேஸுக்கு அளவு எழுதவே கூடாது.

நீட்டிக்கொண்டிருக்கும் பாகங்கள்தான் அதிகம் ஏமாற்றுபவை. 1/35 டைகர் டாங்கியின் உடல் 18 செ.மீ.தான். அதை நம்பி 20 செ.மீ. ஆழம் வைத்தால், பீரங்கிக் குழலைச் சேர்த்து 24 செ.மீ. வரும் டாங்கி கதவில் இடிக்கும். பிறகு அதைக் குறுக்காகத்தான் வைக்க வேண்டும். 1/350 யமாட்டோ போர்க்கப்பல் 75 செ.மீ. நீளம். 80 செ.மீ. உள் அகலம் தாராளம் என்று தோன்றும். ஆனால் அடிப்பீடம் முன்னும் பின்னும் 3 செ.மீ. நீண்டாலே 81 ஆகிவிடுகிறது. ஆன்டெனா, புரொப்பெல்லர், கொடிக்கம்பம், பீடம் எல்லாம் சேர்த்து அளந்து, ஆழத்தில் 4 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். உயரத்தில் மாடலுக்கு மேல் 8 முதல் 10 செ.மீ. காலியாக இருக்கட்டும். அந்த இடம் கை நுழைவதற்கு. அது இல்லாவிட்டால், பின்வரிசை மாடலை எடுக்கும்போது முன்வரிசையின் ஆன்டெனா முறியும்.

தட்டுகளை நிரந்தரமாக ஆணி அடித்துப் பொருத்துவதும் இதே வகைத் தவறுதான். பக்கப் பலகைகளில் 32 மி.மீ. இடைவெளியில் 5 மி.மீ. துளைகள் போட்டு ஷெல்ஃப் பின் (தட்டைத் தாங்கும் சிறு முளை) செருகினால் தட்டுகளை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். துளையிட, துளை இடங்களைக் குறித்த ஒரே மாதிரிப் பட்டையை இரண்டு பலகைக்கும் பயன்படுத்துங்கள். அதை எப்போதும் கீழ் விளிம்பிலிருந்தே அளந்து வையுங்கள். ஒரு பலகையைக் கீழிருந்தும் மற்றதை மேலிருந்தும் அளந்தால் தட்டு நான்கு பின்களிலும் உட்காராமல் ஆடும். 18 மி.மீ. பிளைவுட்டுக்கு 10 மி.மீ. ஆழம் போதும். டிரில் பிட்டில் அந்த இடத்தில் டேப் சுற்றிக்கொள்ளாவிட்டால் துளை மறுபக்கம் வந்துவிடும்.

பெட்டிக்குள் அடைபடும் காற்று

இந்தப் பகுதியைப் பலர் யோசிப்பதே இல்லை, மீட்க முடியாத சேதம் நடப்பதோ இங்கேதான். மரம் தொடர்ந்து அமில ஆவி விடுகிறது. ஓக் மரம் அதில் மிக மோசம். எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை), பிளைவுட் பலகைகளின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு வரும். திறந்த அலமாரியில் இது காற்றோடு போய்விடும். தூசி புகாமல் அடைத்த பெட்டியில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

முதலில் அடிவாங்குவது ஈயம். முன்சக்கரம் உள்ள விமான மாடல்களில், வால் தரையில் உட்காராமல் இருக்க மூக்குக்குள் ஈயக் குண்டு வைத்து ஒட்டுகிறோம். அமில ஆவி பட்டால் ஈயம் மெல்ல வெள்ளைப் பொடியாக மாறுகிறது, கூடவே பருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் முதலில் மூக்கின் இணைப்புக் கோட்டில் பெயின்ட் மயிரிழையாக வெடித்திருக்கும். பிறகு ஒட்டே விரியும். ஈயம் கலந்த வெள்ளை உலோகச் சிப்பாய்கள், லேண்டிங் கியர், பழைய கப்பல் மாடல்களின் நங்கூரங்கள் எல்லாவற்றுக்கும் இதே ஆபத்து உண்டு.

ஓக்கைத் தவிருங்கள். எம்.டி.எஃப். தான் கிடைக்கிறது என்றால் குறைந்த ஃபார்மால்டிஹைடு விடும் ரகமாகப் பார்த்து வாங்குங்கள். உட்புறம், வெளிப்புறம், வெட்டு விளிம்பு என எல்லா முகங்களுக்கும் நீர் சார்ந்த பாலியூரித்தேன் இரண்டு மூன்று பூச்சு கொடுங்கள். வெட்டு விளிம்பை விட்டுவிடுவது வழக்கமான கவனக்குறைவு. பலகை அதிகம் உறிஞ்சுவதும் விடுவதும் அந்த விளிம்பில்தான். பூச்சு ஆவியைக் குறைக்குமே தவிர முழுதாக நிறுத்தாது. அதனால் பின்பலகையின் மேல் மூலைகளில் 20 மி.மீ. துளை இரண்டு போட்டு, மெல்லிய வடிகட்டிப் பஞ்சு ஒட்டிவிடுங்கள். தூசி நுழையாது, காற்று மாறும்.

பூச்சு தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக அன்றைக்கே மாடல்களை அடுக்கக் கூடாது. மூன்று நான்கு வாரம் கதவில்லாமல் ஆறவிடுங்கள். பிறகு ஒரு ராத்திரி மூடிவைத்து, காலையில் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். வாசனை வந்தால் இன்னும் தயாராகவில்லை.

கண்ணாடி ஒட்ட வாங்கும் சிலிக்கானிலும் கவனம் வேண்டும். காயும்போது வினிகர் வாசம் அடிக்கும் ரகம் அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. நியூட்ரல் க்யூர் (அமிலம் விடாமல் காய்வது) என்று அச்சிட்ட ரகத்தையே வாங்குங்கள். சூப்பர் க்ளூவைப் பெட்டிக்குள் பயன்படுத்தவே வேண்டாம். அதன் ஆவி அக்ரிலிக் மேலும் காக்பிட் மூடி மேலும் வெண்படலமாகப் படியும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: மென்மையான வினைல் டயர்கள் பெயின்ட் அடித்த தட்டின் மேல் மாதக்கணக்கில் நின்றால், அவற்றிலுள்ள இளக்கி எண்ணெய் பெயின்ட்டுக்குள் ஊறி ஒட்டிக்கொள்ளும். கார் மாடல்களைக் கண்ணாடித் தட்டில் வையுங்கள், அல்லது டயருக்கு அடியில் பாலியஸ்டர் படலத் துண்டு வையுங்கள்.

கண்ணாடியா, அக்ரிலிக்கா

அக்ரிலிக் எடையில் கண்ணாடியின் பாதிகூட இல்லை, கீழே விழுந்தாலும் சிதறாது. ஆனால் அதைக் கண்ணாடி போலவே நடத்துவது தவறு. அம்மோனியா கலந்த கிளீனரோ ஸ்பிரிட்டோ பட்டால் நுண்ணிய வெடிப்புகள் விழும். லேசரில் வெட்டிய விளிம்பில் இது உடனே தெரியும். உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழுவதோடு மின்னூட்டம் ஏறித் தூசியை இழுக்கும். மென்சோப்பு கலந்த தண்ணீரும் ஈரமான மைக்ரோஃபைபர் துணியும் போதும். அக்ரிலிக் வெப்பத்தில் நன்றாக விரியும்: ஒரு மீட்டர் தகடு 20 டிகிரி மாற்றத்துக்கு ஏறத்தாழ 1.4 மி.மீ. நீளும். ஸ்க்ரூவை விட 2 மி.மீ. பெரிய துளை போடாமல் இறுக்கி முடுக்கினால் துளையைச் சுற்றி விரிசல் வரும்.

தட்டுகளுக்குக் கண்ணாடியே நல்லது. கனத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுவதால் 5 மி.மீ.-க்குப் பதில் 6 மி.மீ. போட்டாலே 1.7 மடங்கு விறைப்பு கிடைக்கும். அதே எடையைத் தாங்கும் தட்டின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் தொய்வு 8 மடங்காகும். 60 செ.மீ.-க்கு மேல் போனால் பின்பக்க நடுவில் ஒரு தாங்கி கொடுத்துவிடுங்கள். டஃபன்டு (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடியைப் பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. பெட்டியைக் கூட்டி முடித்து, அதிலிருந்து அளந்த பிறகே ஆர்டர் கொடுங்கள்.

ஸ்லைடிங் கதவின் கணக்கு

கதவு ஓடும் பள்ளங்களான மேல் காடியையும் கீழ் காடியையும் ஒரே ஆழத்தில் போட்டால் கண்ணாடி உள்ளே ஏறாது, ஏறினாலும் மேலே பிடிப்பு இருக்காது. கீழே 6 மி.மீ., மேலே 12 மி.மீ. வையுங்கள். கண்ணாடியின் உயரம், இரண்டு காடி விளிம்புகளுக்கும் இடையிலுள்ள உயரத்தோடு 10 மி.மீ. கூட்டினால் வரும். மேலே முழுவதும் தூக்கினால் கீழ் விளிம்பு 2 மி.மீ. விலகி உள்ளே நுழையும். இறக்கினால் மேலே 4 மி.மீ. பிடித்துக்கொள்ளும். அகலத்துக்கு, திறப்பின் அகலத்தோடு 30 மி.மீ. கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். 800 மி.மீ. திறப்புக்கு இரண்டு கதவுகளில் ஒவ்வொன்றும் 415 மி.மீ. அந்த 30 மி.மீ. மேற்பொருந்தலில் பிரஷ் ஸ்ட்ரிப் (மயிர்முனைப் பட்டை) ஒட்டாவிட்டால் தூசி நேராக அந்த இடுக்கு வழியாகத்தான் வரும்.

பெட்டியைக் கூட்டும்போது இரண்டு மூலைவிட்டங்களும் சமமா என்று அளந்த பிறகே பின்பலகையை அடியுங்கள். 3 மி.மீ. கோணல் இருந்தாலும் கதவு ஒரு மூலையில் சிக்கும்.

வெளிச்சமும் வெயிலும்

மேலே ஒரே ஒரு விளக்கு வைத்தால் மேல்தட்டு மட்டுமே தெரியும். கீழ்த்தட்டுகளில் மேலுள்ள மாடல்களின் நிழல் விழும். முன்பக்கச் செங்குத்து மூலைகள் இரண்டிலும் எல்.இ.டி. ஸ்ட்ரிப்பை அலுமினியச் சட்டத்தில் வைத்து உள்நோக்கித் திருப்புங்கள். ஒளியின் நிறம் 4000 கெல்வின், சி.ஆர்.ஐ. (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90-க்கு மேல் இருந்தால் பெயின்ட்டின் நிறம் உள்ளபடி தெரியும். எல்.இ.டி.-க்கு மின்சாரம் தரும் டிரைவர் சூடாகும்; அதைப் பெட்டிக்கு வெளியே வையுங்கள். ஜன்னல் கண்ணாடி யு.வி.ஏ. என்ற புறஊதாக் கதிர்களை உள்ளே விடுவதால், வெயில் நேராக விழும் சுவரில் ஷோகேஸ் வேண்டாம்.

எடையைக் கூட்டாமல் சுவரில் மாட்டுவது

கண்ணாடி ஒரு மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 80 செ.மீ. அகலம், 90 செ.மீ. உயரம், 25 செ.மீ. ஆழமுள்ள பெட்டியில் 4 மி.மீ. கதவுகள் ஏழரைக் கிலோ, 6 மி.மீ. தட்டுகள் மூன்றும் சுமார் 8 கிலோ, 18 மி.மீ. பிளைவுட்டும் பின்பலகையும் 12 கிலோ. காலியாகவே 27 கிலோ வந்துவிட்டது. 1/18 டைகாஸ்ட் (உலோக வார்ப்பு) கார்கள் ஒவ்வொன்றும் ஒரு கிலோ அளவில் இருக்கும். இதை 3 மி.மீ. பின்பலகை வழியாக ஸ்க்ரூ போட்டுத் தொங்கவிட்டால் பலகை கிழியும். மேல் பலகைக்கு அடியில் 18 மி.மீ. குறுக்குக் கட்டை ஒன்றைப் பக்கப் பலகைகளோடு சேர்த்து ஒட்டி முடுக்கி, அதன் வழியாகச் சுவரில் பதித்த ஆங்கரில் (ஸ்க்ரூவைப் பிடிக்கும் உறை) ஸ்க்ரூ போடுங்கள்.

மாட்டியதும் மாடல்களை ஏற்றாதீர்கள். தட்டுக்குத் தட்டு அதே எடைக்குத் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி இரண்டு நாள் விடுங்கள். நேரான அளவுகோலைத் தட்டின் அடியில் வைத்துத் தொய்வைப் பாருங்கள், கதவு முன்பு போலவே ஓடுகிறதா என்று இழுத்துப் பாருங்கள், சுவருக்கும் பெட்டிக்கும் இடையே மேலே இடைவெளி விட்டிருக்கிறதா என்று ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாள் நுழைந்தால் ஆங்கர் இளகுகிறது. பாட்டில்களை இறக்கிவிட்டு அதை மாற்றுங்கள்.