ஊரில் நின்ற காரை எடுக்கிறீர்களா? முதலில் கியர்பொக்ஸைப் பாருங்கள்

மாதக்கணக்கில் நின்ற காருக்குப் பற்றரி மாற்றி, ரயருக்குக் காற்றடித்து, மறுநாளே நெடும்பயணம் கிளம்புவதுதான் வழக்கம். கியர்பொக்ஸ் ஒயிலை யாரும் பார்ப்பதில்லை.

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போக ரிக்கெட் போட்டதுமே அங்கே உள்ளவர்களிடம் சேசிஸ் இலக்கத் தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த இலக்கத்துக்குப் பொருந்தும் பில்டர், பான் காஸ்கெட் (கியர்பொக்ஸின் அடித்தட்டான பானுக்கு வைக்கும் அடைப்பு), வடிகால் நட்டின் வாஷர் மூன்றையும் பெட்டியில் கொண்டுபோகலாம். பிரேக் கிளீனர் ஸ்பிரே தீப்பற்றும் பொருள், விமானத்தில் விடமாட்டார்கள். அதையும் ஒயிலையும் அங்கேயே வாங்குங்கள். எந்த ஒயில் என்பதைக் காரின் கையேடு சொல்லும். கடைக்காரர் "எல்லாத்துக்கும் சரிவரும்" என்று நீட்டும் கானை வாங்காதீர்கள்.

ஓட்டோ கியர் என்றால் முதலில் ஒயில் அளவு பார்க்கவேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிச் சூடான பிறகு சமதரையில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியரிலும் சில வினாடிகள் வைத்துத் திரும்ப பார்க்கிங்குக்கு வாருங்கள். பெரும்பாலான கார்களில் எஞ்சின் ஓடும்போதே அளவுகோலை இழுத்துப் பார்க்கவேண்டும். ஹொண்டாவில் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அளவுகோலே இல்லாத கார்களில் ஒயிலின் வெப்பநிலையை ஸ்கேனரால் பார்த்துத்தான் அளக்க முடியும். அதைக் கராஜுக்கு விடுங்கள்.

கோலில் வரும் ஒரு துளியை வெள்ளைத் தாளில் விடுங்கள். தெளிந்த சிவப்பு நல்லது. கருத்து, கருகல் மணம் வந்தால் உள்ளே கிளச் தட்டுகள் தேய்கின்றன. பால் கலந்த இளஞ்சிவப்பு என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது: ரேடியேட்டருக்குள் இருக்கும் ஒயில் கூலர் ஒழுகலாம், வெள்ளத்தில் ஓடியபோது காற்றுத்துளை வழியாகவும் போயிருக்கலாம். அந்தக் காரை ஓட்டவே வேண்டாம்.

ஒயில் மாற்றுவதானால் ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். ஒயில் இளஞ்சூட்டில் இருக்கட்டும். வடிகால் நட்டைத் தொடுமுன் நிரப்பும் நட்டு கழல்கிறதா என்று பாருங்கள். எல்லாம் வடித்த பிறகு அது இறுகியிருப்பது தெரிந்தால் கார் அங்கேயே நிற்கும். வடிந்ததை அளவுக்கோப்பையில் பிடியுங்கள். பொதுவாக 3 முதல் 4 லீற்றர்தான் வரும், மீதி எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இணைக்கும் டோர்க் கன்வேர்ட்டருக்குள் நிற்கும். அதனால்தான் புது ஒயிலும் சீக்கிரம் நிறம் மங்குகிறது. மெஷின் வைத்து ஃபிளஷ் பண்ணுவதைவிட, சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் இன்னொருமுறை வடித்து நிரப்புவதே மேல்.

பான் தட்டைக் கழற்றினால் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருக்கும். அது இயல்பு. நகத்தால் எடுக்கக்கூடிய உலோகத் துண்டுகள் கிடந்தால் வேலையை நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பான் தட்டைப் பிரேக் கிளீனரால் கழுவிக் காயவிடுங்கள். நூல் உதிரும் துணி வேண்டாம், ஒரு நூல் வால்வுத் துளையை அடைக்கப் போதும். மண்ணெண்ணெயை உள்ளே ஊற்றிக் கழுவுவதும் கூடாது. காஸ்கெட்டோடு சிலிக்கன் பூசினால் பிதுங்கிய துண்டு பில்டரில் போய் நிற்கும். போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக இறுக்குங்கள். பல கார்களில் 10 முதல் 12 நியூட்டன் மீற்றர் போதும். கைப்பலம் காட்டினால் அலுமினியப் புரி போய்விடும்.

வடிந்த அளவையே ஊற்றி, மறுபடி கோலால் பாருங்கள். கூடினால் ஒயில் நுரைத்து, அழுத்தம் குறைந்து, கியர் வழுக்கும்.

சி.வி.டி (பற்சக்கரங்களுக்குப் பதில் பெல்ட்டால் ஓடும் ஓட்டோ கியர்) கார் என்றால் அதற்கென்ற ஒயில் மட்டுமே. சாதாரண ஓட்டோ கியர் ஒயிலான ஏ.டி.எஃப் ஊற்றினால் பெல்ட்டின் பிடி போகும்.

கைக்கியர் சுலபம். பெரும்பாலும் 2 லீற்றர் அளவு, பக்கத்துத் துளையில் வழியும்வரை ஊற்றினால் சரி. கையேடு ஜி.எல்-4 தர ஒயிலைக் கேட்டால் ஜி.எல்-5 ஊற்றாதீர்கள், அதன் கந்தகச் சேர்மம் கியர் மாறும்போது வேகத்தைச் சமன்செய்யும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும்.

பழைய ஒயிலைக் கானில் அடைத்துக் கராஜில் கொடுங்கள். அன்றிரவு காருக்கடியில் ஒரு மட்டைப்பெட்டியை விரித்துவைத்து, காலையில் துளி விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பயணத்தைத் தொடங்கலாம்.