மோரிப்பில் கயாக் இறக்குமுன்

சிலாங்கூரில் பந்திங் பக்கத்துத் தோட்டத்தில் மதகு பார்த்தவன் நான். கடல் வற்றும்போது கதவைத் திறந்து வடிகால் கான் தண்ணியை வெளியே விடணும், ஏறும்போது மூடணும். தவறினால் செம்பனைக்குள் உப்புத் தண்ணி வந்துவிடும். அதனால் மோரிப் கடற்கரைக்குக் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகு கொண்டு போகும் பிள்ளைகள், கடல் ஏறி வற்றும் நேரத்தை என்னிடம்தான் கேட்கிறார்கள். நீங்களே பார்த்துக்கொள்ளலாம், பெரிய வித்தை இல்லை.

முதலில் 'ஜடுவால் பாசாங் சூருட்', அதாவது கடல் ஏற்ற வற்ற அட்டவணை. கடற்படையின் ஹைட்ரோகிராஃபி (கடலளவை) மையம் போடுகிறது, நில அளவை இலாகாவான ஜூப்பெமும் போடுகிறது. கிள்ளான் துறைமுகப் பக்கத்தைப் பாருங்கள். மோரிப்பில் நேரம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே 4 மீட்டர் கூட வித்தியாசம் வரும். ஆறு மணி நேர வற்றத்தில் நடு இரண்டு மணி நேரத்திலேயே பாதித் தண்ணி போய்விடும், அதாவது 2 மீட்டர். ஆகவே உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னே இறங்கி, உச்சம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் கரையேறுங்கள். பிந்தினால் படகை இழுத்துக்கொண்டு சேற்றில் நடக்க வேண்டியதுதான்.

அந்தச் சேறு எங்கே என்று கடல் வரைபடம் காட்டும். பச்சைப் பகுதியெல்லாம் வற்றத்தில் வெளியே தெரியும் தரை. அங்கே அடிக்கோடிட்ட எண் இருந்தால் அட்டவணை உயரத்திலிருந்து கழியுங்கள்: அட்டவணையில் 2.5, அடிக்கோட்டில் 1.8 என்றால் உங்களுக்குக் கீழே 0.7 மீட்டர்தான். அடிக்கோடு இல்லாத எண்ணைக் கூட்டணும். ஜூப்பெம் நில வரைபடத்து உயரத்தை மட்டும் இதில் கலக்காதீர்கள். அது சராசரிக் கடல் மட்டத்திலிருந்து எண்ணுவது, கடல் வரைபடம் எண்ணத் தொடங்கும் பூஜ்ய மட்டம் அதைவிடத் தாழ்வானது. ஒரே கரைக்கு இரண்டு பூஜ்யம்! இலாகாக்கள் தரவைப் பகிர்ந்துகொள்ள மைஜிடிஐ என்ற அரசாங்கத் திட்டம் உண்டு. அந்தப் பகிர்வு நம் பிள்ளைகளின் கைபேசி வரை, ஒரே படமாக, வரணும் என்பேன். 1945 செப்டம்பர் 9-இல் பிரிட்டிஷ், இந்தியப் படைகள் இதே மோரிப்பில் இறங்கியபோது, கரையைப் பற்றிய தகவல் சரியில்லாமல் வண்டிகள் சேற்றில் புதைந்தன.

காற்றுக்கு, வானிலை இலாகாவின் மைசுவாச்சா செயலி. பலத்த காற்று எச்சரிக்கையின் முதல் கட்டமே மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர். அது இருந்தால் வீட்டிலேயே இருங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீர்க் காற்றும் மழையும் வரும். மேற்கே கறுத்தால் உடனே திரும்புங்கள்.

உயிர்காப்பு அங்கி கட்டாயம். கரையில் ஒருவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். ஆபத்தென்றால் 999. "மோரிப் கடலில்" என்று மட்டும் சொன்னால் தேடுகிறவர்களுக்குப் போதாது. கூகுள் வரைபடத்தில் நீங்கள் இருக்கும் இடத்தை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும், அவற்றை வாசியுங்கள். மோரிப்பில் முதல் எண் 2-இலும் அடுத்தது 101-இலும் தொடங்கும்.